பாடம் 7: அம்பரில் உறைந்த எறும்புகள்
(வாழ்க்கை வரலாறு – உரைநடை)

நுழையுமுன்

அழிந்துபோன உயிரினங்கள் என்றதும் நம் நினைவில் முதலில் தோன்றுவன டைனோசர் போன்ற பேருருவ விலங்குகளே. ஆயின், அழிவு உருவத்தைப் பார்த்து வருவதன்று. அரிசியளவே உடைய எறும்புகளிலும் எத்தனையோ இனங்கள் இவ்வுலகில் வாழ்ந்து மறைந்துள்ளன. அவற்றை இன்று நாம் அறிவது கல்லிலும் அம்பரிலும் பதிந்த புதைபடிவங்களால்தான். அப்படிவங்களை உற்றுநோக்கி, மறைந்த எறும்புகளின் வாழ்வை உலகுக்கு எடுத்துரைத்த அறிஞருள் முதன்மையானவர் வில்லியம் மார்ட்டன் வீலர். அவரது வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் அமைந்த நகரம் மில்வாக்கி. அந்நகரில் 1865ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் வீலர் பிறந்தார். சிறுவயதில் அவர் அடக்கமான மாணவராக இருந்தாரல்லர். அவருடைய குறும்பைப் பொறுக்கமாட்டாத நிலையில், பொதுப் பள்ளியிலிருந்து அவரை விலக்கி, கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஜெர்மானிய – ஆங்கிலப் பள்ளி ஒன்றில் சேர்த்தனர். மில்வாக்கியில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய மக்கள் மிகுதி. ஆதலால், அப்பள்ளியில் ஜெர்மன் மொழியும் ஆங்கிலத்துக்கு நிகராகக் கற்பிக்கப்பட்டது.

திருத்துவதற்காக அனுப்பப்பட்ட இடமே வீலரின் வாழ்வைத் திருப்பிய இடமாயிற்று. அப்பள்ளிக்கெனச் சிறியதோர் அருங்காட்சியகம் இருந்தது. பாடம் செய்யப்பட்ட பறவைகள், விலங்குகளின் எலும்புக்கூடுகள், சங்குகள், பூச்சிகள் ஆகியவை அங்கே வைக்கப்பட்டிருந்தன. வீலர் அக்கூடத்தையே தம் விளையாட்டுக் களமாகக் கொண்டார். அங்கிருந்த ஒவ்வொரு பொருளையும் பெயரோடு அறிந்துகொண்டார். அப்பள்ளியில் கற்ற ஜெர்மன் மொழியோ, பின்னாளில் ஐரோப்பிய அறிஞர்களின் நூல்களை மூலத்திலேயே படிக்கும் திறவுகோலாக அமைந்தது. நாளடைவில் இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளிலும் அவர் பயிற்சி பெற்றார்.

பெட்டிகள் திறந்த வழி

1884ஆம் ஆண்டில் ஹென்றி வார்டு என்பவர் மில்வாக்கிக்கு வந்தார். அவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், அருங்காட்சியகங்களுக்கு வேண்டிய உயிரியல் மாதிரிகளைத் திரட்டி விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தவர். தம் தொகுப்பை நகராட்சி வாங்கவேண்டும் என்பதற்காக, அதனைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து காட்சிக்கு வைத்தார். அப்பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் பணிக்குப் பத்தொன்பது வயது இளைஞராகிய வீலர் தாமாகவே முன்வந்தார். அவருடைய ஆர்வத்தையும் அறிவையும் கண்ட வார்டு, தம் நிறுவனத்திலேயே அவருக்கு வேலை அளித்தார்.

ராச்செஸ்டரில் வீலர் பறவைகள், பாலூட்டிகள், சங்குகள், கடற்பஞ்சுகள் ஆகியவற்றுக்குப் பெயரிட்டு வகைப்படுத்தினார். பிற்காலத்தில் அருங்காட்சியகக் கலைஞராகப் பெரும்புகழ் பெற்ற கார்ல் ஏக்லி அங்கேதான் அவருக்கு நண்பரானார். ஓராண்டுக்குப்பின் வீலர் ஊர் திரும்பி, உயர்நிலைப்பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். அப்பள்ளியின் தலைமையாசிரியர் ஜார்ஜ் பெக்காம், சிலந்திகளையும் குளவிகளையும் ஆராய்ந்த அறிஞர். அவருக்காகச் சிலந்திகளின் நுண்ணுறுப்புகளை வீலர் வரைந்து கொடுத்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதும், பார்த்ததை ஒரு கோடும் கூட்டாமல் குறைக்காமல் வரைவதும் அப்போது அவருக்குக் கைவந்தன.

வார்டின் தொகுப்பைக் கொண்டு மில்வாக்கியில் பொது அருங்காட்சியகம் உருவாயிற்று. 1887ஆம் ஆண்டு அதன் பொறுப்பாளராக வீலர் அமர்ந்தார். மூன்றாண்டுகளுக்குப்பின் அப்பணியைத் துறந்து, கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். பூச்சிகள் முட்டைக்குள் வளரும் முறையை ஆராய்ந்து, 1892ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இடையே ஓராண்டு ஐரோப்பாவுக்குச் சென்று, அங்குள்ள ஆய்வுக்கூடங்களிலும் பயின்று வந்தார்.

எறும்புகளின் பக்கம்

1899ஆம் ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியராக வீலர் ஆஸ்டின் நகருக்குச் சென்றார். அது வெப்பம் மிகுந்த நிலம். அங்கே பெரிய ஆய்வுக்கூடமோ நிறைந்த நூலகமோ இல்லை. ஆயினும், வெளியே காலெடுத்து வைத்தால் எறும்புகளுக்குக் குறைவில்லை. இலைகளை வெட்டிச் சுமந்து சென்று, அவற்றை உரமாக்கி, மண்ணுக்கடியில் காளான் வளர்த்து உண்ணும் எறும்புகள் அங்கே வாழ்ந்தன. விதைகளைத் திரட்டிக் களஞ்சியம் அமைக்கும் எறும்புகளும், இடம்விட்டு இடம் பெயரும் படையெறும்புகளும் இருந்தன. இல்லாதவற்றை எண்ணி ஏங்காமல் இருப்பதை ஆராயத் தொடங்கினார் வீலர். அன்று தொடங்கிய எறும்பாராய்ச்சி அவர் இறக்கும்வரை நிற்கவில்லை.

1903ஆம் ஆண்டு நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் முதுகெலும்பற்ற உயிரினப் பிரிவுக்குக் காப்பாளரானார். 1908ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பஸ்ஸி ஆய்வு நிறுவனத்தில் பூச்சியியல் பேராசிரியரானார். 1910ஆம் ஆண்டு எறும்புகளின் உடலமைப்பு, வளர்ச்சி, நடத்தை ஆகியவற்றை விரித்துரைக்கும் அவரது பெருநூல் வெளிவந்தது. எறும்பியல் என்னும் துறைக்கு ஆங்கிலத்தில் அடிப்படையாக அமைந்த நூல் அது. அடுத்த ஆண்டு, எறும்புக் கூட்டம் முழுவதையும் ஓர் உயிராகக் கருதலாம் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். ஓர் உடலில் உறுப்புகள் வேலையைப் பகிர்ந்து செய்வதுபோலவே, அரசி எறும்பு முட்டையிட, வேலைக்கார எறும்புகள் உணவு தேடவும் குஞ்சுகளைப் பேணவும் செய்கின்றன என்பது அவர் காட்டிய ஒப்புமை.

பிசின் காத்த செல்வம்

இனி, வீலர் ஆராய்ந்த அம்பரைப்பற்றி அறிவோம். ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று பால்டிக் கடல் உள்ள பகுதியை ஒட்டிப் பரந்த காடுகள் இருந்தன. அங்கிருந்த ஊசியிலை மரங்களின் காயங்களிலிருந்து பிசின் வடிந்தது. மரத்தில் ஊர்ந்த எறும்பு அதில் கால் வைத்தால் மீள முடியாது. மேலும் வடிந்த பிசின் அதனை முழுவதுமாக மூடிவிடும். அப்பிசின் மண்ணில் புதைந்து, நெடுங்காலம் கெட்டிப்பட்டு, பொன்னிறமான அம்பராக மாறியது. கடலலைகள் அதனைக் கரையில் ஒதுக்கின. நிலத்தைத் தோண்டியும் மக்கள் அதனை எடுத்தனர். அணிகலன் செய்வோர் பூச்சியில்லாத துண்டை விரும்பினர். அறிவியலாரோ பூச்சியுள்ள துண்டையே விரும்பினர்.

கல்லில் பதிந்த எறும்பு தட்டையாக நசுங்கியிருக்கும். அதன் ஒரு பக்கத்தை மட்டுமே காண இயலும். அம்பரில் சிக்கிய எறும்போ, பளிங்கறையில் வைத்ததுபோல் உருக்குலையாமல் இருக்கும். உணர்கொம்பின் கணுக்களை எண்ணலாம். காலில் உள்ள மயிரைக்கூடக் காணலாம். எனினும், அம்பரிலும் இடர்ப்பாடுகள் உண்டு. சில துண்டுகளில் பூச்சியைச் சுற்றி வெண்மையான படலம் படர்ந்திருக்கும். சிலவற்றில் காற்றுக்குமிழி கண்ணை மறைக்கும். துண்டை உடைத்து எறும்பை வெளியே எடுக்க இயலாது. பக்கங்களைத் தட்டையாகத் தேய்த்து மெருகிட்டு, பல கோணங்களில் திருப்பித் திருப்பித்தான் பார்க்கவேண்டும்.

பால்டிக் அம்பரிலுள்ள எறும்புகளை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் குஸ்தாவ் மாயர். அவர் ஆஸ்திரிய நாட்டினர். வியன்னாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். ஏறத்தாழ 1,500 எறும்புகளை ஆராய்ந்து, 1868ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய நூலே அத்துறையின் முதல் பெருநூல். அதற்குப்பின் நாற்பதாண்டுகளுக்கு மேலாக, கோனிக்ஸ்பெர்க் நகரில் அம்பர்த் துண்டுகள் மேலும் மேலும் சேர்ந்துகொண்டே இருந்தன. ரிச்சர்ட் கிளெப்ஸ் என்பாரின் தொகுப்பும், அந்நகரப் பல்கலைக்கழகத்தின் தொகுப்பும் அவற்றுள் சிறந்தவை. அவற்றை ஆராயும் பணி வீலரிடம் வந்தது. சிறுவயதில் கற்ற ஜெர்மன் மொழி, பெக்காமிடம் பழகிய ஓவியத்திறன், ராச்செஸ்டரில் பயின்ற வகைப்படுத்தும் முறை, டெக்சாஸில் உயிருள்ள எறும்புகளோடு கழித்த நாட்கள் ஆகிய அனைத்தும் இப்பணியில் ஒன்றுகூடின.

மறைந்தவை கூறிய செய்திகள்

9,000க்கும் மேற்பட்ட அம்பர் எறும்புகளை வீலர் ஆராய்ந்தார். அவற்றை 90க்கும் மேற்பட்ட சிற்றினங்களாகப் பகுத்தார். அவை அனைத்தும் இன்று உலகில் இல்லாதவை. ஆனால், அவற்றுள் பல, இன்று வாழும் எறும்புகளின் நெருங்கிய உறவினங்கள் என்பதை அவர் கண்டார். ஏறத்தாழப் பாதிப் பேரினங்கள் இன்றும் நிலைத்திருக்கின்றன.

தமிழகத்து மாந்தோப்புகளில் முசுறு என்னும் செவ்வெறும்பைக் காணலாம். தன் புழுக்கள் சுரக்கும் நூலால் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் எறும்பு அது. இன்று ஐரோப்பாவில் முசுறு இல்லை. வெப்பம் மிகுந்த ஆசிய, ஆப்பிரிக்க, ஆஸ்திரேலியப் பகுதிகளில்தான் உண்டு. ஆயின், குளிர் மிகுந்த பால்டிக் கரையில் கிடைத்த அம்பரிலோ முசுறின் பேரினத்தைச் சேர்ந்த எறும்பு இருந்தது. மாயர் அதற்கு ஈகோஃபில்லா பிரிஷ்கி எனப் பெயரிட்டிருந்தார். இன்று தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வாழும் கெசோமிர்மெக்ஸ் என்னும் எறும்பின் உறவினமும் அதே அம்பரில் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெருந்தாடை எறும்புகளை ஒத்த பிரியோனோமிர்மெக்ஸ் என்னும் எறும்பும் இருந்தது.

வியப்பு அதனோடு முடியவில்லை. ஐரோப்பியத் தோட்டங்களில் இன்று காணப்படும் குளிர்நில எறும்புகளின் உறவினங்களும் அதே அம்பரில் மலிந்திருந்தன. லாசியஸ் ஷீஃபர்டெக்கெரி, ஃபார்மிகா ஃபுளோரி ஆகியவை அத்தகையவை. இன்றுள்ள இனங்களோடு அருகே வைத்துப் பார்த்தால் அவற்றை வேறுபடுத்துவதே அரிது. வெப்பநில எறும்பும் குளிர்நில எறும்பும் ஒரே காட்டின் பிசினில் சிக்கியது எவ்வாறு என்பது வீலரின் முன் நின்ற பெரிய வினா. அக்காலத்து ஐரோப்பா இன்றைவிட வெப்பமாக இருந்தது என்பதும், பின்னர்க் குளிர் மிகுந்தபோது வெப்பநில இனங்கள் அங்கே அழிந்து தெற்கே மட்டும் எஞ்சின என்பதும் அவ்வெறும்புகளால் விளங்கின. எறும்பின் காலை எண்ணியவர் ஒரு கண்டத்தின் தட்பவெப்ப வரலாற்றையே படித்தார் எனலாம்.

வேறொரு செய்தியும் அவரைச் சிந்திக்க வைத்தது. அம்பரில் அரசி எறும்பும், ஆண் எறும்பும், வேலைக்கார எறும்பும் தெளிவாக வேறுபட்டிருந்தன. அசுவினிப் பூச்சிகளோடு சேர்ந்து சிக்கிய எறும்புகளும் இருந்தன. அசுவினி சுரக்கும் இனிப்பு நீருக்காக அவற்றை எறும்புகள் பேணுவதை இன்றும் நாம் செடிகளில் காண்கிறோம். எறும்பின் காலைப் பற்றிய உண்ணியும் அம்பரில் காணப்பட்டது. எனவே, 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பே எறும்புகள் கூட்டாக வாழவும், வேலையைப் பகிரவும், பிற உயிர்களோடு உறவு கொள்ளவும் பழகிவிட்டன என்று வீலர் முடிவுசெய்தார். மனிதன் தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே எறும்பின் சமூகம் முழுமை பெற்றுவிட்டது.

அதேவேளையில், அம்பர் முழு உண்மையையும் கூறாது என்பதையும் அவர் மறக்கவில்லை. மரத்தில் ஏறும் எறும்பே பிசினில் சிக்கும். மண்ணுக்குள்ளேயே வாழும் எறும்பு சிக்குவது அரிது. எனவே, அம்பரில் சில சிற்றினங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. சிலவோ ஒன்றிரண்டே கிடைத்தன. கிடைத்ததைக் கொண்டு காடு முழுவதையும் அளந்துவிடக்கூடாது என்பதில் அவர் கருத்தாக இருந்தார்.

இலங்கையில் எஞ்சிய உறவு

அம்பரில் கண்ட சில எறும்புகளை வீலர் எந்த ஐரோப்பிய எறும்போடும் பொருத்த இயலவில்லை. அவற்றின் உறவைத் தேடிய அவர் இலங்கையில் வந்து நின்றார். 1893ஆம் ஆண்டு இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி, இலங்கையில் கிடைத்த சிற்றெறும்பு ஒன்றுக்கு அனியூரெட்டஸ் சிமுலன்ஸ் எனப் பெயரிட்டிருந்தார். அம்பரில் உள்ளவை அதன் பண்டைய உறவினங்கள் என்று வீலர் கருதினார். ஆகவே அவற்றுக்குப் புரோட்டனியூரெட்டஸ், பாரனியூரெட்டஸ் என்று, அவ்விலங்கை எறும்பின் பெயரையே அடியாகக் கொண்டு பெயர் சூட்டினார்.

ஒரு காலத்தில் ஐரோப்பா வரை பரவியிருந்த குலம், இன்று ஒரு தீவின் காடுகளில் எஞ்சியிருக்கிறது. அக்காடுகள் சுருங்கச் சுருங்க அவ்வெறும்பும் அழிவின் விளிம்பை நெருங்குகிறது. அதுவும் மறைந்தால், அக்குலம் முழுவதும் புதைபடிவங்களில் மட்டுமே எஞ்சும்.

போரின் நிழலில்

வீலரின் ஆராய்ச்சி கோனிக்ஸ்பெர்க் நகரின் அறிவியல் கழக இதழில், 1914ஆம் ஆண்டுக்குரிய தொகுதியில், 1915இல் வெளிவந்தது. 1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்ட ஆண்டு. ஜெர்மனியும் இங்கிலாந்தும் எதிரெதிரே நின்று போரிட்ட காலத்தில், ஜெர்மானிய இதழ் ஒன்றில் ஆங்கில மொழியில் அவ்வாய்வு அச்சேறியது நினைக்கத்தக்கது. நாடுகளின் பகை அறிவின் வழியை அங்கே அடைக்கவில்லை.

ஆனால், அடுத்த போர் அவ்வாறு விட்டுவைக்கவில்லை. 1944ஆம் ஆண்டு கோனிக்ஸ்பெர்க் நகரம் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. 1,00,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்டிருந்த பல்கலைக்கழக அம்பர்த் தொகுப்பின் பெரும்பகுதி தொலைந்தது. பாதுகாப்புக்காக முன்னரே வேறிடத்துக்கு அனுப்பப்பட்ட ஒரு பகுதி மட்டும் தப்பி, இன்று ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் உள்ளது. 4 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கேடின்றி இருந்தவை, மனிதர் கையில் நூறாண்டுகள்கூட நிலைக்கவில்லை. தொலைந்த துண்டுகளுள் இருந்த எறும்புகளை நாம் அறிவதற்கு, மாயரும் வீலரும் எழுதிவைத்த வருணனைகளும் வரைந்துவைத்த படங்களுமே துணை. அழிந்த உயிர் ஒன்று, அதன் படிவமும் அழிந்தபின், எழுத்தில் மட்டும் வாழ்கிறது. ஓர் ஆய்வாளர் ஒவ்வொரு கணுவையும் எண்ணிப் பொறுமையாக எழுதுவது ஏன் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இறுதி ஆண்டுகள்

1918ஆம் ஆண்டு, எறும்புகளும் பிற சமூகப் பூச்சிகளும் தம்முள் உணவைப் பரிமாறிக்கொள்ளும் வழக்கத்துக்கு வீலர் தனிக் கலைச்சொல் ஒன்றைப் படைத்தார். டிரோஃபலாக்சிஸ் என்னும் அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. பூச்சிகளின் சமூக வாழ்வைப்பற்றிப் பல நூல்கள் எழுதினார். கறையான் அரசன் ஒருவன் மனிதருக்கு மடல் எழுதுவதாக அமைத்து, நகைச்சுவை ததும்பும் கட்டுரை ஒன்றும் எழுதினார். அவரது வாழ்நாளில் வெளிவந்த ஆய்வுகளும் நூல்களும் 400க்கும் மேற்பட்டவை. 1934ஆம் ஆண்டு பணியிலிருந்து ஓய்வுபெற்றார். 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் திடீரெனக் காலமானார்.

தொடர்ந்த மரபு

வீலரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் ஃபிராங்க் கார்ப்பெண்டர். அவர் கொலராடோவின் ஃபுளோரிசன்ட் பாறைகளில் பதிந்த எறும்புகள் முதலியவற்றை ஆராய்ந்து, 1930ஆம் ஆண்டு வட அமெரிக்கப் புதைபடிவ எறும்புகளைப்பற்றிய நூலை வெளியிட்டார். கார்ப்பெண்டரிடம் பயின்றவர் எட்வர்ட் வில்சன். அவர் 1955ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து, இரத்தினபுரியை அடுத்த காட்டில் அனியூரெட்டஸ் எறும்பை உயிருடன் கண்டு ஆராய்ந்தார். வீலர் அம்பரில் பார்த்த குலத்தின் வாழ்வை, அவருடைய மாணவரின் மாணவர் நேரில் பார்த்தார்.

எறும்புகள் குளவி போன்ற முன்னோரிலிருந்து தோன்றியிருக்கவேண்டும் என்பது அறிஞர்களின் நெடுநாள் கருத்து. ஆனால், அதற்குச் சான்றாகும் எறும்பு வீலரின் காலத்தில் கிடைக்கவில்லை. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூஜெர்சி கடற்கரையில், ஃபிரே என்னும் தம்பதியர் அம்பர்த் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தனர். அதனுள் இரண்டு வேலைக்கார எறும்புகள் இருந்தன. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அவை, இடையில் எறும்பையும் தாடையில் குளவியையும் ஒத்திருந்தன. வில்சன், கார்ப்பெண்டர், வில்லியம் பிரவுன் ஆகிய மூவரும் 1967ஆம் ஆண்டு அதற்கு ஸ்ஃபிகோமிர்மா ஃபிரேயி எனப் பெயரிட்டனர். குளவியெறும்பு என்பது அப்பேரினப் பெயரின் பொருள். சிற்றினப் பெயரோ, அதனைக் கண்டெடுத்து அறிவியலுக்கு வழங்கிய தம்பதியரைப் போற்றுவது.

குறும்புக்காரச் சிறுவனாக அருங்காட்சியகத்துள் நுழைந்த வீலர், பார்ப்பதைப் பழகிக்கொண்டார். பார்த்ததை எழுதப் பழகிக்கொண்டார். சிறிது என்று எதையும் ஒதுக்காமல் இருந்ததே அவரது பெருமைக்குக் காரணம். நம் காலடியில் ஊரும் எறும்புக்கும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் வரலாறு உண்டு என்பதை அவரது வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

பயிற்சிகள்

அ. சொல்லும் பொருளும்

அம்பர் – மரப்பிசின் நெடுங்காலம் புதைந்து இறுகிய பொருள்
புதைபடிவம் – பண்டைய உயிரினத்தின் எச்சம் அல்லது பதிவு
பேரினம் – நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி
முசுறு – இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு
அசுவினி – செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி
உணர்கொம்பு – பூச்சியின் தலையில் உள்ள உணர் உறுப்பு
இடர்ப்பாடு – துன்பம், தடை

ஆ. பொருத்துக

1. குஸ்தாவ் மாயர் – இலங்கை எறும்புக்குப் பெயரிட்டவர்
2. கார்லோ எமெரி – சிலந்திகளை ஆராய்ந்த தலைமையாசிரியர்
3. ஜார்ஜ் பெக்காம் – அம்பர் எறும்புகளின் முதல் பெருநூல்
4. ஃபிராங்க் கார்ப்பெண்டர் – வட அமெரிக்கப் புதைபடிவ எறும்புகள்

இ. பிரித்து எழுதுக

1. பேரினம் (எ.கா: பெருமை + இனம்)
2. சிற்றினம்
3. செவ்வெறும்பு
4. பளிங்கறை
5. பெருநூல்

ஈ. குறுவினாக்கள்

1. வீலர் ஜெர்மானிய – ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கப்பட்டது ஏன்?
2. கல்லில் பதிந்த எறும்புக்கும் அம்பரில் சிக்கிய எறும்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. மண்ணுக்குள் வாழும் எறும்புகள் அம்பரில் அரிதாகக் கிடைப்பது ஏன்?
4. ஸ்ஃபிகோமிர்மா ஃபிரேயி என்னும் பெயரின் காரணத்தை எழுதுக.

உ. சிறுவினாக்கள்

1. எறும்புக் கூட்டம் ஓர் உயிர் போன்றது என்று வீலர் கூறியதை விளக்குக.
2. பால்டிக் அம்பரில் முசுறின் உறவினம் கிடைத்ததால் அறியப்படும் உண்மை யாது?
3. கோனிக்ஸ்பெர்க் தொகுப்பின் அழிவு, எழுதிவைத்தலின் தேவையை எவ்வாறு உணர்த்துகிறது?

ஊ. நெடுவினா

வீலர் இளமையில் பெற்ற பயிற்சிகள் ஒவ்வொன்றும் அம்பர் ஆராய்ச்சியில் எவ்வாறு துணைநின்றன என்பதைக் கட்டுரையாக எழுதுக.

எ. செயல்பாடு

உங்கள் பள்ளி வளாகத்தில் காணும் எறும்புகளை ஒரு வாரம் உற்றுநோக்குக. அவற்றின் நிறம், அளவு, செல்லும் வழி, சுமக்கும் உணவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்க. எறும்பைக் கொல்லாமலும் புற்றைக் கலைக்காமலும் இதனைச் செய்க. நீங்கள் கண்ட எறும்பு ஒன்றை வரைந்து, உங்கள் வீட்டில் அதற்கு வழங்கும் தமிழ்ப்பெயரையும், நீங்கள் வாழும் மாநிலத்தின் மொழியில் வழங்கும் பெயரையும் கேட்டறிந்து அதனருகே எழுதுக.